வீட்டைத் தேடுமுன் வக்கீலைத் தேடுங்கள்

மனிதன் தன் வாழ்நாளில் செய்கின்ற கொடுக்கல் வாங்கல்களுள் மிகப் பெரியது வீடு வாங்குவதே. பாலைவன வெயிலில் பதினைந்து, இருபது ஆண்டுகள் உழைத்து ஈட்டிய பொருள், மனைவியின் நகைகள், உறவினரிடம் பெற்ற கைமாற்று ஆகிய யாவும் ஒரே நாளில் ஒரே பத்திரத்துக்குள் அடங்கிவிடுகின்றன. கல்யாணச் சேலை எடுப்பதற்குப் பத்துக் கடை ஏறி இறங்குகின்ற நாம், பத்திரம் சரியானதா என்று நமக்காகப் பார்த்துச் சொல்லவேண்டியவர் யார் என்னும் கேள்வி எழும்போது மட்டும், "தரகரே ஒரு வக்கீலை வைத்திருக்கிறாராம், எல்லாவற்றையும் அவரே முடித்துக் கொடுத்துவிடுவாராம்" என்று கூறி அமைதி அடைந்துவிடுகிறோம். பின்னாளில் நீதிமன்றப் படிகளில் ஏறும் பல குடும்பங்களின் துன்பம் இந்த ஒரு சொல்லிலிருந்துதான் தொடங்குகிறது.

வக்கீல் என்னும் சொல் நமக்குப் புதியதன்று. ஒருவருடைய காரியத்தை அவர் சார்பில் ஏற்று நடத்துபவர் என்பதே அந்த அரபுச் சொல்லின் பொருள். நிக்காஹ் மஜ்லிஸில் மணமகளின் சார்பில் பேசுவதற்கு வக்கீலாக யாரை அமர்த்துவது என்று குடும்பத்தார் கூடிப் பேசியே முடிவு செய்கிறார்கள். மணமகன் வீட்டார் அனுப்பிவைக்கும் ஒருவரை மணமகளுக்கு வக்கீலாக ஏற்றுக்கொள்வோமா? வீட்டு விஷயத்திலும் அதே நிதானம் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் சாரம்.

ஒரு வீடு கைமாறும்போது பொதுவாக மூவர் இடையில் நிற்கின்றனர். ஒருவர் தரகர், இன்னொருவர் பத்திர எழுத்தர், மூன்றாமவர் வக்கீல். இவர்கள் ஒவ்வொருவரின் வேலையும் வேறு. ஒருவர் செய்யவேண்டியதை மற்றொருவரிடம் எதிர்பார்ப்பதே தவறு.

தரகரின் கூலி எப்போது கிடைக்கிறது?

தரகுத் தொழில் இழிவானதன்று. எந்தத் தெருவில் எந்த வீடு விலைக்கு வருகிறது, சென்ற ஆண்டு பக்கத்து மனை என்ன விலைக்குப் போயிற்று, விற்பவருக்குப் பணம் எவ்வளவு அவசரமாகத் தேவைப்படுகிறது என்பதையெல்லாம் அறிந்தவர் அவர். நல்ல தரகர் ஒருவர் நமக்குப் பல மாத அலைச்சலை மிச்சப்படுத்துவார்.

ஆயினும் ஒன்றை மறந்துவிடலாகாது. விற்பனை நடந்தேறினால்தான் தரகருக்குக் கூலி, நடவாவிட்டால் ஒன்றுமில்லை. நம் பகுதிகளில் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு என்று, பெரும்பாலும் இரு தரப்பிலும் தரகு பெறுவது வழக்கம். 40 லட்சம் ரூபாய் வீடு ஒன்றை முடித்துக்கொடுத்தால் ஒரு பக்கத்தில் மட்டுமே 40,000 ரூபாய் கிடைக்கும் ஒருவரிடம், "இந்த வீட்டை வாங்கலாமா, வேண்டாமா?" என்று கேட்பது எப்படிப் பொருந்தும்? அவர் எத்துணை நேர்மையானவராயினும், அந்தக் கேள்விக்கு விடை கூறும் இடத்தில் அவர் இல்லை. வீட்டைக் காட்டுவதற்கும் விலை பேசுவதற்கும் அவரை வைத்துக்கொள்ளுங்கள். பத்திரத்தின் தகுதியை அவரிடம் கேட்காதீர்கள்.

தரகரை அமர்த்தும்போது சிலவற்றைக் கருத்தில் கொள்ளவேண்டும். தரகு எவ்வளவு, எப்போது கொடுக்கப்படும், எதிர்த் தரப்பிலும் அவர் பெறுகிறாரா என்பதை முதல் நாளே பேசி ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கிரயம் பதிவாகும் நாளில் தருவதே நல்லது. முன்பணத்தை அவர் கையில் கொடுக்காதீர்கள். விற்பவரின் வங்கிக் கணக்கிலேயே செலுத்துங்கள். வீட்டுக்குரியவரை நேரில் சந்திக்கவிடாமல் ஏதேனும் காரணம் கூறித் தள்ளிப்போடும் தரகரிடமிருந்து விலகிவிடுங்கள். உரிமையாளர் கேட்கும் விலை ஒன்றாகவும், நம்மிடம் சொல்லப்படும் விலை வேறாகவும் இருப்பது அங்கேதான்.

புதிதாகக் கட்டப்படும் அடுக்குமாடி வீடுகளுக்கும் புதிய மனைப்பிரிவுகளுக்கும் 2016ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் உள்ளது. மக்கள் இதனை 'ரெரா' என்று சுருக்கமாகக் குறிப்பிடுவர். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ, எட்டு வீடுகளுக்கு மேலாகவோ அமையும் திட்டங்கள் இச்சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யப்பட வேண்டும். அத்தகைய திட்டத்தில் விற்றுக்கொடுக்கும் முகவரும் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, தமிழ்நாட்டு ரெராவின் இணையதளத்தில் சரிபாருங்கள். பதிவு செய்யப்பட்ட உடன்படிக்கை இல்லாமல் விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் பெறுவதை அச்சட்டம் தடை செய்கிறது. பழைய வீடு ஒன்றைத் தனியார் ஒருவர் மற்றொருவருக்கு விற்கையில் இப்பாதுகாப்பு இல்லை. ஆதலால் அங்கே நம் விழிப்பே நமக்குத் துணை.

பத்திர எழுத்தரும் பதிவு அலுவலகமும்

சார்பதிவாளர் அலுவலகத்தின் எதிரே மேசை போட்டு அமர்ந்திருக்கும் பத்திர எழுத்தர், அரசு உரிமம் பெற்றவர். 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஆவண எழுத்தர் உரிம விதிகள் அவருடைய தொழிலை வரையறுக்கின்றன. நாம் சொல்லும் விவரங்களை முறையான வாசகத்தில் எழுதித் தருவதே அவர் வேலை. முந்தைய பத்திரத்தில் உள்ள எல்லைகளையும் அளவுகளையும் அவர் பிழையின்றிப் பெயர்த்து எழுதுவார். அந்த முந்தைய பத்திரமே குறையுடையதாக இருந்தால், குறையும் அழகாகப் பெயர்த்து எழுதப்பட்டுவிடும்.

"பதிவு அலுவலகத்தில் சரிபார்க்காமலா பதிவு செய்வார்கள்?" என்று கேட்போர் பலர். 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி, நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் கிரயம் பதிவு செய்யப்பட்டே ஆகவேண்டும். எழுதிக்கொடுத்தவர் இன்னார், அவர் கையொப்பமிட்டதை ஒப்புக்கொண்டார், உரிய முத்திரைத் தீர்வை செலுத்தப்பட்டது என்பவற்றுக்கு அப்பதிவு சான்று. விற்றவருக்கு அச்சொத்தில் முழு உரிமை இருந்தது என்பதற்கு அரசு உத்தரவாதம் அளிப்பதில்லை. அதைக் கண்டறியும் பொறுப்பு வாங்குபவருடையது. அப்பொறுப்பை நமக்காக ஏற்பவரே வக்கீல்.

வக்கீல் பார்த்துச் சொல்ல வேண்டியவை

சொத்து வாங்குமுன் நாம் பெறவேண்டியது வக்கீலின் எழுத்து மூலமான சட்டக் கருத்துரை. 'லீகல் ஒப்பினியன்' என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். வாய்மொழியாக "எல்லாம் சரியாயிருக்கிறது" என்பது கருத்துரை ஆகாது.

கருத்துரை தருபவர் குறைந்தது முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய பத்திரத்திலிருந்து தொடங்கி, சொத்து யாரிடமிருந்து யாருக்கு எவ்வாறு வந்தது என்று சங்கிலிபோலத் தொடர்ந்து பார்க்கவேண்டும். இடையில் ஒரு கண்ணி விடுபட்டிருந்தால் அதற்குக் காரணம் கேட்கவேண்டும். தாய்ப்பத்திரங்களின் அசலை அவர் தம் கண்ணால் காணவேண்டும். நகல் போதாது. அசல் எங்கோ ஒரு வங்கியிலோ, வட்டிக்கு விடுபவரின் பெட்டியிலோ ஈடாக இருக்கலாம். அசலை ஒப்படைத்துப் பெற்ற கடன் பதிவாகாதிருந்தால் வில்லங்கச் சான்றில் தெரியாது.

வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். பட்டாவையும் வருவாய்த்துறையின் இணையதளத்தில் காணலாம். ஆனால் பட்டா வேறு, உரிமை வேறு. பட்டா என்பது வருவாய்க் கணக்கில் யார் பெயர் உள்ளது என்பதைக் காட்டுவது. அதை மட்டும் வைத்து உரிமையை முடிவு செய்தல் கூடாது. பத்திரத்தில் கண்ட அளவும் நில அளவை வரைபடத்தில் உள்ள அளவும் தரையில் உள்ள அளவும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். மனையாயின் சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. அங்கீகாரம் உள்ளதா என்று கேட்கவேண்டும். ஊராட்சித் தலைவரின் முத்திரை மட்டும் உள்ள மனைப்பிரிவு வரைபடம் அங்கீகாரம் ஆகாது. நிலம் புறம்போக்கா, கோயிலுக்கோ வக்ஃபுக்கோ உரியதா, அரசு கையகப்படுத்த அறிவித்துள்ளதா, நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் உள்ளதா என்பனவும் அவர் விசாரித்தறிய வேண்டியவை.

நம் குடும்பச் சொத்துகளில் தனிக் கவனம்

நம் சமுதாயத்தவரின் சொத்தை வாங்கும்போதும் விற்கும்போதும் முஸ்லிம் தனியார் சட்டத்தை அறிந்த வக்கீல் இன்றியமையாதவர். ஏனைய சட்டங்களில் தேர்ந்த வழக்கறிஞர்கூட இதில் தடுமாறுவதுண்டு. தந்தை உயிரோடிருக்கையில் அவர் சொத்தில் மகனுக்குப் பிறப்பால் உரிமை ஏதும் நம் சட்டத்தில் இல்லை. இதை அறியாதவர், தேவையில்லாத கையொப்பங்களைக் கேட்டுத் தேவையான கையொப்பங்களை விட்டுவிடுவார்.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். வீட்டுக்குரியவர் காலமானார். அவருடைய பெற்றோர் முன்பே மறைந்துவிட்டனர். மனைவி, இரண்டு மகன்கள், இரண்டு மகள்கள் உள்ளனர். சொத்தை 48 பங்காக்கினால் மனைவிக்கு 6, மகன்களுக்குத் தலா 14, மகள்களுக்குத் தலா 7 பங்கு வரும். அண்ணன் தம்பி இருவர் மட்டும் கையொப்பமிட்டு வீட்டை விற்றால், வாங்கியவருக்குச் சேர்வது 28 பங்கே. எஞ்சிய 20 பங்கு உம்மாவுக்கும் சகோதரிகளுக்கும் உரியதாகவே நிற்கும். முழு விலையும் கொடுத்தவர், சகோதரிகளோடு கூட்டு உரிமையாளராகிப் பாகப்பிரிவினை வழக்கைச் சந்திப்பார். வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றில் பெயர்கள் இருக்கும். யாருக்கு எத்தனை பங்கு என்பது இராது. அதைக் கணக்கிடத் தெரிந்தவரே நமக்கு வேண்டும்.

வாரிசுகளுள் பருவமடையாத பிள்ளை இருந்தால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். நம் சட்டப்படி அப்பிள்ளையின் சொத்துக்குக் காப்பாளர் தந்தையும், அவருக்குப் பின் அவரால் உயிலில் நியமிக்கப்பட்டவரும், அடுத்துத் தந்தைவழிப் பாட்டனாரும், அவரால் உயிலில் நியமிக்கப்பட்டவருமே. உம்மாவோ, அண்ணனோ, சாச்சாவோ, மாமாவோ தம் விருப்பப்படி அப்பங்கை விற்க இயலாது. 1918இல் பிரிவி கவுன்சில் இவ்வாறு தீர்ப்பளித்தது. 1996இல் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதனையே வலியுறுத்தியது. "பிள்ளைக்காக உம்மா கையெழுத்துப் போடுவார்" என்று தரகர் கூறும் உறுதி அந்தப் பங்கைப் பொறுத்தவரை வெறும் பேச்சு. 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றத்தில் காப்பாளராக நியமனம் பெற்று, விற்பதற்கும் நீதிமன்ற அனுமதி பெறுவதே வழி. யத்தீம் பிள்ளையின் பங்கைக் கவனியாமல் வாங்கிய வீட்டில், அப்பிள்ளை பெரியவனாகி வாசலில் வந்து நிற்கும் நாள்வரை நிம்மதியாக உறங்க முடியுமா?

அடுத்தது ஹிபா. கொடுப்பவர் கொடுத்தேன் என அறிவித்தல், பெறுபவர் ஏற்றல், சொத்தைக் கையில் ஒப்படைத்தல் ஆகிய மூன்றும் நிறைவேறினால் ஹிபா முழுமை பெறும். பத்திரமோ பதிவோ கட்டாயமில்லை. எழுத்தில் இருந்தாலும் பதிவு செய்யப்படாமையால் மட்டும் அது செல்லாததாகிவிடாது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் பெண்மக்களுக்கு வீடு கொடுப்பது காலங்காலமான வழக்கம். அத்தகைய வீடு ஒன்று பெரியவர்களின் வாய்ச்சொல்லால் மகளுக்குச் சேர்ந்திருக்க, பத்திரமும் பட்டாவும் தந்தையின் பெயரிலேயே இருப்பதுண்டு. வில்லங்கச் சான்றில் இதற்குச் சுவடே இராது. காகிதத்தைப் புரட்டுவதோடு நிற்காமல், வீட்டில் யார் வசிக்கிறார், எந்த உரிமையில் வசிக்கிறார் என்று கேட்டறியும் வக்கீல்தான் இதைக் கண்டுபிடிப்பார்.

மகள் நகையும் சீரும் பெற்றுக்கொண்டு, தந்தை உயிரோடிருக்கும்போதே "எனக்குப் பங்கு வேண்டாம்" என்று எழுதிக்கொடுத்த விடுதலைப் பத்திரங்களும் சில வீடுகளில் உள்ளன. இன்னும் வந்து சேராத வாரிசுரிமையை விட்டுக்கொடுப்பது பொதுவாகச் செல்லாது. பொருள் பெற்று எழுதியிருந்தால் சூழ்நிலையைப் பொறுத்து அது அவரைக் கட்டுப்படுத்தக்கூடும் என்று 1973இல் உச்ச நீதிமன்றம் கருதியது. ஆக, அப்பத்திரத்தை அப்படியே நம்புவதும் தவறு, அறவே ஒதுக்குவதும் தவறு. உயிலிலும் இத்தகைய நுட்பம் உண்டு. கடன் நீங்கிய சொத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலோ, வாரிசு ஒருவருக்கோ எழுதப்பட்டிருந்தால், எழுதியவர் மறைந்தபின் ஏனைய வாரிசுகளின் சம்மதம் தேவைப்படும். இவையெல்லாம் வக்கீலின் பார்வைக்கு உரியவை.

எத்தகைய வக்கீலைத் தேர்ந்தெடுப்பது?

முதலாவதாக, அவர் நம்மால் அமர்த்தப்பட்டவராக இருக்கவேண்டும். விற்பவருக்கோ மனை வணிகருக்கோ வழக்கமாக வேலை செய்பவராக இருத்தலாகாது. ஒரு விவகாரத்தில் ஒரு தரப்புக்கு ஆலோசனை கூறிய வழக்கறிஞர் அதே விவகாரத்தில் எதிர்த் தரப்புக்குச் செயல்படலாகாது என்பது வழக்கறிஞர் மன்றத்தின் நடத்தை விதி. "நீங்கள் விற்பவருக்கும் தரகருக்கும் இதற்கு முன் வேலை செய்ததுண்டா?" என்று நேரில் கேட்பதில் தவறில்லை. நல்ல வக்கீல் அதற்காகக் கோபம் கொள்ளமாட்டார்.

இரண்டாவதாக, வீட்டை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அவருக்குரிய ஊதியத்தைக் கொடுத்துவிடுங்கள். தரகருக்கும் வக்கீலுக்கும் உள்ள வேறுபாட்டின் மையம் இதுவே. "இந்த வீடு வேண்டாம்" என்று அவர் சொன்ன நாளில், வேலை நடக்கவில்லையே என்று ஊதியத்தைக் குறைப்பவர், அடுத்த முறை அவரிடமிருந்து உண்மையை எதிர்பார்க்க இயலாது. நம் பெருந்தொகையைக் காப்பாற்றிக்கொடுத்த வேலைக்குத்தான் அந்த ஊதியம்.

மூன்றாவதாக, அவர் அன்றாடம் செய்யும் வேலை எது என்று விசாரியுங்கள். குற்ற வழக்குகளில் பெயர் பெற்றவர் பத்திரங்களைப் பார்ப்பதில் பழகாதவராக இருக்கலாம். உரிமையியல் வழக்குகளையும் சொத்து ஆவணங்களையும் அதே வட்டாரத்தில் பல்லாண்டு கவனித்தவரே ஏற்றவர். அந்த ஊரின் பழைய சர்வே எண்களும் நிலத் தகராறுகளும் அவருக்குத் தெரிந்திருக்கும். தமிழ்நாடு, புதுச்சேரி வழக்கறிஞர் மன்றத்தில் பதிவு பெற்றதற்கான எண் ஒவ்வொரு வழக்கறிஞருக்கும் உண்டு. கருத்துரையில் அவருடைய பெயரும் பதிவு எண்ணும் கையொப்பமும் தேதியும் இருக்கட்டும். பார்த்த ஆவணங்கள் எவை, அசல் எது, நகல் எது என்பதையும் அதில் குறிப்பிடச் சொல்லுங்கள்.

நான்காவதாக, வங்கியின் வக்கீல் பார்த்துவிட்டார் என்பதால் நம் வக்கீல் தேவையில்லை என்று எண்ணிவிடாதீர்கள். அவருக்கு ஊதியம் நம்மிடம் பெறப்பட்டாலும் அவர் வங்கிக்காகப் பார்ப்பவர். கொடுக்கும் கடனுக்கு ஈடு போதுமா என்பதே வங்கியின் கவலை. பாதை உரிமையில் தகராறு உண்டா, பக்கத்து வீட்டாருடன் சுவர் வழக்கு உண்டா என்பன நம் கவலைகள்.

ஐந்தாவதாக, நம் கேள்விக்கு விளங்கும் மொழியில் பதில் சொல்பவராக அவர் இருக்கவேண்டும். பள்ளிப்படிப்பு முடியாத உம்மாவுக்கும் புரியும்படி ஒரு குறையை எடுத்துச் சொல்ல இயலாதவர், அக்குறையைத் தாமே சரியாக விளங்கிக்கொண்டாரா என்பது ஐயத்துக்குரியது.

அயல்நாட்டில் இருப்போர் கவனத்துக்கு

வீட்டின் தலைவர் அயல்நாட்டில் இருக்க, ஊரில் காரியம் நடத்துவதற்கு முக்தியார்நாமா எனும் பவர் பத்திரம் எழுதுவது நம்மவரிடையே வழக்கமாகிவிட்டது. யாருக்கு எழுதுவது என்பதும் முகவரைத் தேர்ந்தெடுப்பதுதான். தரகருக்கோ, விற்பவரின் ஆளுக்கோ எழுதலாகாது. மனைவி, தந்தை, உடன்பிறந்தார் போன்ற நெருங்கியவருக்கே எழுதினாலும், எல்லா அதிகாரமும் தரும் பொதுப் பவரைத் தவிர்த்து, இன்ன சொத்தை, இன்ன காரியத்துக்காக என்று குறிப்பிட்ட பவராக எழுதுங்கள். விற்பதற்கான பவராயின், கிரயப் பணம் தம் வங்கிக் கணக்கிலேயே செலுத்தப்பட வேண்டும் என்று வாசகம் சேருங்கள்.

அயல்நாட்டில் எழுதும் பவரில் இந்தியத் தூதரக அதிகாரியின் முன்னோ, அந்நாட்டு நோட்டரியின் முன்னோ கையொப்பமிட்டுச் சான்று பெறவேண்டும். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் உரிய முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும். பவர் கொடுத்தவர் காலமானால் பொதுவாக அப்பவரும் முடிந்துவிடும். ஆதலால்தான், பவர் முகவர் கையொப்பமிடும் கிரயத்தில், கொடுத்தவர் உயிருடன் இருப்பதற்கான மருத்துவர் சான்று பதிவு அலுவலகத்தில் கேட்கப்படுகிறது. பவரை விலக்கிக்கொள்ள விரும்பினால், வாயால் சொல்வது போதாது. ரத்துப் பத்திரம் பதிவு செய்து முகவருக்கும் அறிவிப்பு அனுப்பவேண்டும்.

கிரயப் பத்திரம் எழுதாமல், பவரும் உடன்படிக்கையும் உயிலும் சேர்த்து எழுதிக்கொடுத்துச் "சொத்து உங்களுடையதாகிவிட்டது" என்று சொல்பவரை நம்பாதீர்கள். இவற்றால் உரிமை மாறாது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகக் கூறிவிட்டது. அயல்நாட்டில் வசிக்கும் இந்தியர் விளைநிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்குவதற்குப் பொது அனுமதி இல்லை என்பதையும் நினைவிற் கொள்க. வாரிசாகப் பெறுவதற்குத் தடையில்லை.

விற்பவருக்கும் வக்கீல் வேண்டும்

"பணம் வாங்கப்போகிறவன் எனக்கு எதற்கு வக்கீல்?" என்று விற்பவர் எண்ணுவதுண்டு. கிரய உடன்படிக்கையில் காலக்கெடு, மீதித் தொகை, தவறினால் முன்பணம் என்னாவது என்பன தெளிவாக இல்லாவிடில், சிறு முன்பணத்தைக் கொடுத்தவர் வழக்குத் தொடுத்து வீட்டை விற்கவிடாமல் ஆண்டுக்கணக்கில் நிறுத்தி வைக்க முடியும். மீதிப் பணம் முழுவதும் வருமுன் அசல் பத்திரங்களையும் வீட்டுச் சாவியையும் கொடுத்துவிடலாகாது. கட்டட ஒப்பந்தக்காரருக்குப் பழைய வீட்டைக் கொடுத்து மாடி வீடுகள் பெறும் உடன்படிக்கையாயின், அவருக்கு எழுதும் பவர் எந்த அளவோடு நிற்கிறது என்பதை வரிவரியாகப் பார்க்கவேண்டும்.

வரி விஷயமும் உண்டு. விலை 50 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், விளைநிலம் நீங்கலாக, வாங்குபவர் 1 விழுக்காடு பிடித்து அரசுக்குச் செலுத்த வேண்டும். விற்பவர் அயல்நாட்டில் வசிப்பவராயின் இந்த வரம்பு பொருந்தாது. பிடிக்கவேண்டிய தொகையும் மிக அதிகம். இதை அறியாமல் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டவரிடம் அந்த வரியை அரசு கேட்கும். வீட்டு முன்பணமாக 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகப் பெறுவது 2015 ஜூன் முதல் தடை செய்யப்பட்டுள்ளது. பத்திரத்தில் பாதி, கையில் பாதி என்னும் பழைய பேச்சுக்கு இடம் கொடுத்தால், தகராறு வரும் நாளில் கையில் கொடுத்ததற்குச் சான்று இராது.

சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை

வீடு உங்கள் பெயரில் வாங்கப்படலாம். அல்லது உங்கள் பங்கு விற்கப்படலாம். எதுவாயினும் வக்கீலின் அறையில் ஆண்கள் மட்டும் அமர்ந்திருக்க, நீங்கள் பதிவு நாளன்று கைரேகை வைப்பதற்கு மட்டும் அழைக்கப்படுவது முறையன்று. பத்திரத்தை முழுவதும் படித்துக்காட்டச் சொல்லுங்கள். உங்கள் பங்கு எவ்வளவு, அதற்குரிய தொகை எவ்வளவு, எந்தக் கணக்கில் வருகிறது என்று கேளுங்கள். கேட்பது குடும்பத்தின் மீது ஐயப்படுவதாகாது. கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு பணிக்கும் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமே திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம். எடுத்துரைக்க இயலாதவருக்காக அவருடைய பொறுப்பாளர் நீதியுடன் எடுத்துரைக்க வேண்டும் என்பதும் அதில் உள்ளது. எழுத்தும் சாட்சியும் உறவைப் பிரிப்பதற்கல்ல, காப்பதற்கே.

பெண்களின் பெயரில் பதிவு செய்யப்படும் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்துகளுக்கு 2025 ஏப்ரல் முதல் தமிழக அரசு பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைத்துள்ளது. சிறிய மனை வாங்குவோர் இதனைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

செலவைக் கணக்கிட்டுப் பாருங்கள்

தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு. பதிவுக் கட்டணம் 2023 ஏப்ரல் முதல் 2 விழுக்காடு. 40 லட்சம் ரூபாய் வீட்டுக்கு இவ்விரண்டும் சேர்ந்து 3,60,000 ரூபாய் ஆகிறது. தரகு ஒரு விழுக்காடாயின் 40,000 ரூபாய். இவற்றையெல்லாம் முகம் சுளிக்காமல் கொடுக்கும் நாம், முப்பது ஆண்டுப் பத்திரங்களைப் பல நாள் அமர்ந்து படிப்பவரின் ஊதியத்தில் மட்டும் பேரம் பேசுகிறோம். அதை மிச்சப்படுத்தக் கருதித் தரகரின் வக்கீலையே ஏற்றுக்கொள்கிறோம்.

ஆகவே வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். வீடு தேடத் தொடங்கும்போதே வக்கீல் ஒருவரைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். வீடு பிடித்தவுடன் பத்திர நகல்களை வாங்கி அவரிடம் கொடுங்கள். "நாளைக்குள் முன்பணம் தராவிட்டால் வேறொருவர் கொண்டுபோய்விடுவார்" என்று அவசரப்படுத்துவோருக்கு, "வக்கீலின் கருத்துரை எழுத்தில் வந்த பிறகு தருகிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். பத்திரத்தில் குறை இல்லாதவர் ஒரு வாரம் பொறுத்துக்கொள்வார். பொறுக்க மறுத்தால் அந்த வீடு கைநழுவிப் போகட்டும். வேறு வீடு கிடைக்கும். இருபது ஆண்டு உழைப்பு மறுபடியும் கிடைக்காது.